மந்திரி பேர் வந்தால் ஓடும் தறி

டிக்கெட்டைக் கையால் கிழிக்க மாட்டார் குப்பாயி. ஓரத்தை முன்பல்லில் வைத்து, நூல் அறுப்பதுபோல் வெடுக்கென்று ஒரு கடி. பாதி நமக்கு, பாதி டப்பாவுக்கு. டவுன்காரர்கள் முகம் சுளித்தால், "நூலு கடிச்ச பல்லுங்க. ஒண்ணும் ஒட்டிக்காது, போயி உக்காருங்க" என்பார்.

ஜலகண்டாபுரத்தில் அவர் வருசக்கணக்காய்த் தறி ஓட்டிய கொட்டகைதான் இப்போது அவர் டிக்கெட் கிழிக்கும் யூத நாடக அரங்கம். கொட்டகைக்காரர் சந்திரசேகரைக் கட்டிக்கொண்டு மும்பையிலிருந்து வந்த யூதப் பெண் ரிவ்கா, தறிகளை விற்று மேடை போட்டார். ஓரத்தில் மிஞ்சியது ஒரே ஒரு விசைத்தறி. திங்கட்கிழமை அதையும் பழைய இரும்புக்காரர் அள்ளப்போகிறார்.

"அங்க பத்து சேர் போடலாம் அக்கா" என்றார் ரிவ்கா.

"இருக்கற சேருக்கே ஆளைக் காணமுங்க!"

வாய் அப்படிப் பேசியதே தவிர, அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறன்று பூரிம் பண்டிகை நாடகம். பொல்லாத மந்திரியின் பெயர் வரும்போதெல்லாம், அது காதில் விழாதபடி கூட்டம் இரைச்சல் போட்டு அமுக்க வேண்டும். யூதர்களின் வழக்கம் அது. ரிவ்கா கிலுகிலுப்பை கொடுத்துப் படித்துப் படித்துச் சொன்னார். நம் சனங்களுக்குச் சத்தம் என்றால் விசில். விசில் என்றால் ஹீரோ. பெயர் வந்ததும் கொட்டகை பிய்த்துக்கொண்டது. "ஒன்ஸ்மோர்!" மந்திரி வேசத்தில் நின்ற ஜெரின் பூரித்துப்போய்க் கும்பிடு போட்டான். ராணியாக வந்த கிருத்திகா சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடித்தாள். ரிவ்கா தலையில் கை வைத்தார்.

"அட, கேடுகெட்டவனுக்குப் போயி விசிலடிக்கறீங்களே!" என்று ஓடிய குப்பாயி, தறியின் சுவிட்சைத் தட்டினார்.

தடதடதட! மந்திரி பேரென்ன, அவன் அப்பன் பேரும் சேர்ந்து அமுங்கியது. சுவிட்சை அணைத்தார். அடுத்த முறை பேர் வந்தது. தடதடதட! அப்புறம் பேர் வராத இடத்திலும் சனம் கத்தியது: "அக்கா, போடுங்க!"

"இரு சாமி, அவம் பேரு வரட்டும்!"

ரிவ்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாளைக்கு வராதீங்க" என்று இரும்புக்காரருக்குப் போனில் சொல்ல, இரைச்சலுக்குத் தப்பி ரிவ்கா தெருவுக்கே ஓட வேண்டியிருந்தது.

அப்புறம்தான் தெரிந்தது. தறி வெறுமனே ஓடவில்லை. போவதற்குள் கடைசியாய் ஒரு துண்டு நெய்து பார்த்துவிடலாமென்று, முதல் நாளே அதில் பாவு நூல் ஏற்றி வைத்திருந்தார் குப்பாயி. மந்திரியின் பேர் வந்த நேரமெல்லாம் சேர்ந்து ஒரு முழம் துணி ஆகியிருந்தது. அதை அறுத்து, மரியாதையாக ஜெரினின் தோளில் போர்த்தினார்:

"உம் பேருல நெய்ஞ்சதுதாஞ் சாமி. வேர்வையத் தொடச்சுக்கோ."