கரி மூட்டைமேல் ஏஜெண்டு பஞ்சாட்சரம்

“முருகனுக்கு வேண்டிக்கினு வாய்ப்பூட்டு போட்ட சாமி ஒருத்தரு, பேசமாட்டாரு. ஊர்க்காரங்க திருத்தணிக்கு டிக்கெட்டு வாங்கிக் குடுத்து வண்டியில ஏத்திவிட்டாங்க. அவரு கே.ஜி.கண்டிகையிலயே எறங்கப் போறாரு. மிச்ச தூரம் நடந்து வரேன்னு வேண்டுதலா, இல்ல, இதான் திருத்தணின்னு தப்பா எறங்குறாரா? கேட்டா தலையைக்கூட ஆட்டமாட்டாரு. நிறுத்துவியா, விட்டுடுவியா?”

கேட்டுவிட்டு, ஏஜெண்டு பஞ்சாட்சரம் இரண்டு கரித்துண்டுகளைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். வேலை கேட்டு வந்த தேசப்பன் எதிரே கைகட்டி நின்றான்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமானதிலிருந்து திருத்தணி – பள்ளிப்பட்டு பஸ் கரியில்தான் ஓடுகிறது. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் நல்ல கரியாகப் போடவேண்டும். இல்லாவிட்டால் மேட்டில் வண்டி நின்றுவிடும். கரியைப் பொறுக்குவதும் பஞ்சாட்சரம்தான், கம்பெனிக்கு ஆளைப் பொறுக்குவதும் அவர்தான். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும். திருத்தணியில் பஸ் நிற்கும் புளியமரத்தடியில், கரி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். நெற்றியில் பளிச்சென்ற விபூதி. முழங்கை வரைக்கும் கறுப்பு. வயது நாற்பது இருக்கும். வேலை கேட்டு வருகிறவனிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேள்வியைக் கேட்டுவிடுவார்.

“வள்ளியும் தெய்வயானையும் நம்ம வண்டியில ஏறுறாங்க. ஜன்னலோரம் யாருக்கு?” என்பது அவருடைய பழைய கேள்வி. வள்ளிக்கு என்றால், “உள்ளூர்க்காரனுக்குச் சலுகை காட்டுவான்.” தெய்வயானைக்கு என்றால், “பெரிய எடத்தைக் கண்டா பல்லிளிப்பான்.” “வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்குதுங்களே” என்றான் ஒருவன். “இவன்தான்டா ஆளு!” என்று அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். பத்தாம் நாள் அந்த ஆள் ஆர்.கே.பேட்டையில் வண்டியை நிறுத்திவிட்டு மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். மறுநாள் காலையில்தான் வந்தான். அதற்காகப் பஞ்சாட்சரம் தம் கேள்வியைச் சந்தேகித்ததில்லை. “கேள்வி சரிதான். அவன் மாமியார் கைப்பக்குவம் அப்படி” என்றார்.

தேசப்பன் பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. நூல் கிடைக்காமல் வீட்டுத் தறி நான்கு மாதமாக ஓடவில்லை. அப்பா துளசிங்கம் கூலிக்குக் கடலை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். ஸ்கூல் பைனல் முடித்த பிள்ளைக்கு இந்தக் கண்டக்டர் வேலை கிடைத்தால்தான் அடுப்பு எரியும். அதனால் பயந்து பயந்து சொன்னான்.

“நிறுத்துவேனுங்க.”

“அடுத்தவன் வேண்டுதல்ல மூக்கை நுழைப்பே.”

“அப்போ... விட்டுடுவேனுங்க.”

“ஈரமில்லாதவன்.”

தேசப்பனுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! “ரெண்டும் தப்புன்றீங்க. நீங்களா இருந்தா இன்னாங்க பண்ணுவீங்க?”

பஞ்சாட்சரத்தின் கையிலிருந்த கரி அப்படியே நின்றது. பதினோரு வருஷ உத்தியோகத்தில் அவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. டிரைவர் மணவாளன் வண்டிக்குள்ளிருந்து கைதட்டிச் சிரித்தான்.

“மாட்டிக்கினாருடா ஏஜெண்டு! சொல்லு சாமி, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்.”

“நீ போயி கிளட்சைப் பாருய்யா” என்றார் பஞ்சாட்சரம். பிறகு தேசப்பனைப் பார்க்காமலே, “போய்ட்டு வா. சொல்லி அனுப்புறேன்” என்றார்.

சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று வீட்டில் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. “வேலை கேக்கப் போன எடத்துல கேள்வி கேட்டுக்கினு வந்தியா? நல்லா வந்து வாய்ச்சேடா எனக்கு!” என்று தாயாரம்மாள் மகனைத் திட்டிவிட்டு, தன் பங்குக் கூழையும் அவன் கலயத்தில் ஊற்றினாள்.

நான்காம் நாள் காலை, பஸ் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், வாசலில் கரி படிந்த வேட்டி ஒன்று தெரிந்தது. “நைனா, ஏஜெண்டு வந்துகினு இருக்காரு!” என்று தேசப்பன் உள்ளே ஓடினான்.

பஞ்சாட்சரம் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்த பிறகுதான் பேசினார். அப்பாவிடம் அல்ல, தேசப்பனிடம்.

“மூணு நாளா சோறு எறங்கலப்பா. நிறுத்தினாலும் மனசு கேக்கல, விட்டாலும் மனசு கேக்கல. எனக்குத் தெரியல. தெரியாமத்தான் இத்தினி வருசமா கேட்டுக்கினு இருந்திருக்கேன். உனக்கு முன்னாடி ஒம்போது பேரை இதையே கேட்டுத் திருப்பி அனுப்பிட்டேன்.” சொம்பைக் கீழே வைத்தார். “மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். பதில் தெரியாதவனுக்கு வேலை இல்லைன்னா, பதில் தெரியாத எனக்கும் வேலை இல்லைன்னு. திங்கக்கிழமை வந்துடு.”

துளசிங்கம் கும்பிடக் கையைத் தூக்கினார். பஞ்சாட்சரம், “பஸ்ஸு போயிடும்” என்று எழுந்து நடந்துவிட்டார். அந்த ஒன்பது பேரில் நான்கு பேருடைய ஊர் அவருக்கு நினைவிருந்தது; தேடிப் போனார். இருவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார்கள். கண்ணையன் என்பவரைத் தேடிப்பிடித்துக் கம்பெனியில் டயர் வேலைக்குச் சேர்த்தார். நான்காவது ஆள் கதவைத் திறக்கவே இல்லையாம்.

கேள்வி கேட்பதை அவர் விட்டுவிட்டார் என்று நினைக்கவேண்டாம். போன வாரம்கூட ஒருவனிடம், “எனக்கே தெரியாது, நீ சொல்லு பாக்கலாம்” என்று ஆரம்பித்து, கரி மூட்டைமேல் அரைமணி நேரம் அவனோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த அந்தத் திங்கட்கிழமை தேசப்பன் டிக்கெட்டு கிழித்துக்கொண்டே பின்பக்கம் வந்தான். கடைசி சீட்டில் பஞ்சாட்சரம். கம்பெனி வண்டியில் கம்பெனி ஏஜெண்டிடம் யார் டிக்கெட்டு கேட்பார்கள்? தேசப்பன் தலைகுனிந்து திரும்பினான்.

“கண்டக்டர் சார்!”

வண்டியே திரும்பிப் பார்த்தது. அவனை யாரும் அதுவரை அப்படி அழைத்ததில்லை. பஞ்சாட்சரம் இடத்தைவிட்டு எழுந்து நின்று, கறுத்த உள்ளங்கையில் சில்லறையை வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

“ஆர்.கே.பேட்டை ஒண்ணு குடுங்க.”

இதைப் படிப்பவர்கள், வேலை கேட்டுப் போகிற யாரையாவது தெரிந்திருந்தால் அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வேலை கொடுக்கிறவர்களைத் தெரிந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள்.