முதுகில் இரண்டு இஞ்சு

தையல்கடை அன்வர் பாய் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் பாலக்கோடு பஸ்ஸில் இருந்தேன். என் தக்காளியைப் பார்த்து ஓசூர் வியாபாரிகள் கையெடுத்துக் கும்பிட்ட கதையைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நான் கதையைப் பாதியில் விடுகிறவன் இல்லை என்பது மாரண்டஹள்ளிக்கே தெரியும். அடக்கத்துக்குப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். சரி, பள்ளிவாசல் தெரு நிறைந்திருந்தது. அதில் நான் தனியாக நின்றேன்.

அவரிடம் தைத்துக்கொண்டவர்களுக்கு அவர் வாய் தெரியும். என் மார்பு நாற்பத்திரண்டு என்று சொன்னேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "மாப்ளே, நீங்க சொல்ற அளவுக்குத் தெச்சா உள்ள இன்னொருத்தர வாடகைக்கு வெக்கலாம்" என்றார். எட்டாவதோடு நின்றாலும் எட்டு ஊர்ப் பஞ்சாயத்து பேசுகிறவன் நான். என்னை அப்படிப் பேச அவர் ஒருவரால்தான் முடிந்தது.

என் தங்கை மல்லிகாவின் மகன் கோகுலுக்குப் பன்னிரண்டு வயது. அகன்ற கண், தடித்த உதடு, மெத்தென்று நுனி சிறுத்த விரல்கள், லேசாகக் கூன் விழுந்த முதுகு. நாலு வார்த்தைதான் பேசுவான். திடீரென்று ஹாரன் அடித்தால் கால் மடங்கி விழுந்துவிடுவான். அவன் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று மல்லிகா கத்திரிக்காய் நறுக்கியதுதான் காரணம் என்று அவள் மாமியார் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

தருமபுரியில் ஒரு டாக்டரம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனோம். நூல் வாங்க வந்த பாயும் துணைக்கு வந்தார். அந்த அம்மா கோகுலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அம்மாவின் பிறந்த வீட்டில் வேறு யாராவது இப்படி உண்டா என்று கேட்டார். நான் விடுவேனா? எங்கள் வம்சமே சிங்கம், தாத்தா ஒற்றைக் கையால் காளையைத் தூக்கியவர் என்று ஆரம்பித்தேன்.

பாய் என் தோளைத் தொட்டார். "மாப்ளே, மாதேசனுக்கு நான்தான சட்டை தெச்சேன். முன்னாடியவிட முதுகுல ரெண்டு இஞ்சு கூட வெட்டணும். இந்தப் பையனுக்கும் அதேதான். கையும் அதே கை."

மாதேசன் என் தம்பி. தோட்டத்து வீட்டை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தோம். அளவெடுக்க வந்த பாயைத் தவிர வெளியாள் யாரும் அவனைப் பார்த்ததில்லை. பதினாறு வயதில் இறந்துவிட்டான். அப்போது மல்லிகா தொட்டிலில் கிடந்தாள். கைக்குழந்தையாகவே தவறிப்போன அண்ணன் என்று அவளிடம் சொல்லிவைத்தோம். கோகுல் பிறந்த மாதமே அவன் முகத்தில் நான் மாதேசனைப் பார்த்தேன். சொல்லவில்லை.

இது தாய்வழியாக வருவது, யாருடைய தப்பும் இல்லை என்றார் டாக்டரம்மா. வாயில் நுழையாத ஒரு பெயரைச் சீட்டில் எழுதி, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு அதுதான் என்று உறுதியானது. அவன் விழாமல் இருக்க மாத்திரையும் கிடைத்தது.

அன்று பஸ் ஸ்டாண்டில் மல்லிகா ஒன்றுதான் சொன்னாள். "பன்னெண்டு வருசமா நான் கத்திரிக்காயத் தொடல. நீ பாத்துட்டுதான இருந்தண்ணா?"

அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. மாதேசனைப் பற்றிக் கேட்க பாயின் கடைக்குத்தான் போனாள். மானத்தை வாங்கிவிட்டீர் என்று நான் கடையேறிச் சண்டை போட்டேன். அவர் தையலை நிறுத்தவில்லை. "எடுத்த அளவத்தான் சொன்னேன் மாப்ளே. கூட்டிச் சொல்லத்தான் நீங்க இருக்கீங்களே."

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மல்லிகா கோகுலோடு என் வீட்டுக்கு வந்தாள். "பாய் போயிட்டாரு. அந்த அண்ணனப் பத்தி இனி நீதான் சொல்லணும்" என்றாள்.

உண்மைதான். மாதேசனைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று உயிரோடிருப்பது நான் ஒருவன். எடுத்த அளவை அப்படியே சொல்வது என்பது மட்டும்தான் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. அதன்படி சொல்லிப் பார்த்தேன். மேளச் சத்தத்துக்கு விழுவான். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். என்னை 'ணா' என்று மட்டும் கூப்பிடுவான். வெளிக்கதவைத் தினமும் பூட்டியது நான்தான்.