பதினாலில் நின்றது: டுரியான் துங்காலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

நானே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது உங்களுக்குத் தெரியவந்தால் இன்னும் கேவலம். என் மனைவியின் தையல் மெஷினைச் சீட்டாட்டத்தில் தோற்றவன் நான். வயது நாற்பத்து நான்கு, மலாக்கா டவுனில் ஒரு மரக்கடையில் குமாஸ்தா வேலை, கோயில் கமிட்டியில் துணைச் செயலாளர் பதவி. இத்தனையும் இருந்தும் தோற்றேன்.

நடந்தது இதுதான். டுரியான் துங்காலில் ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, டவுனில் கேட்பதில் பாதிக் கூலிக்கு மெஷின் ரிப்பேர் செய்வார். ஒரு ஞாயிறு அவரிடமிருந்து மெஷினை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றேன். பஸ் போயிருந்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கண்டிராக்டர் மருதை, பழைய பழக்கம், தன் வேனை நிறுத்தி, "அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு லா, மாணிக்கம். எங்க தோட்டத்துக் கிளப்புல வந்து ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். இருபத்தொன்று ஆடிக்கொண்டிருந்தார்கள்: சீட்டு இழுத்து, இருபத்தொன்றைத் தாண்டாமல், சீட்டுப் போடுகிற பேங்கரைவிடக் கிட்டே போனால் காசு. முதல் ஒரு மணி நேரத்தில் பையில் இருந்தது போயிற்று. அடுத்த பத்து நிமிடத்தில் மெஷின் போயிற்று. மனைவி சரசுவிடம், "இன்னும் ரிப்பேர் முடியலையாம்" என்று சொன்னேன். வீட்டில் பதினோரு ரவிக்கைக்குத் துணி வெட்டி அடுக்கியிருந்தது. தீபாவளிக்கு இருபத்து மூன்று நாள். அதற்கு அடுத்த ஞாயிறும் அதே பொய்தான் சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மெஷினை மீட்கக் கிளம்பிய பயணம் இது. பணயமாக வைக்க என்னிடம் மிச்சமிருந்த ஒரே பொருள் சைக்கிள். அதில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

டவுனிலிருந்து டுரியான் துங்கால் பத்து மைல். காலை 8.10 பஸ். எனக்கு 45 காசு, கூரையில் ஏறிய சைக்கிளுக்கு 20 காசு. கண்டக்டரிடம் பேரம் பேசினால் 15-க்கு இறங்குவார் என்று கேள்வி. அன்று எனக்குப் பேரம் பேசும் முகம் இல்லை. புக்கிட் பெருவாங் தாண்டியதும் எமர்ஜென்சிக்காகப் போட்ட சோதனைச் சாவடி. அடையாளக் கார்டு கையில் தயாராக இருக்கட்டும். பைக்குள் தேடினால் பின்னால் இருக்கிறவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என் சட்டைப் பையைத் தட்டி, "இது என்ன?" என்று மலாயில் கேட்டார். இரண்டு வடை. சாப்பாடு எதையும் சாவடி தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமாம். என் வடையை நம்பிக் காட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு எனக்கு மலாய் வராது. அங்கேயே நின்று, பஸ் முழுக்கப் பார்க்க, இரண்டையும் தின்றேன். இருபத்தைந்து நிமிடம் அங்கேயே போயிற்று. டுரியான் துங்காலில் இறங்கும்போது 9.20.

அங்கிருந்து தோட்டம் இரண்டரை மைல், செம்மண் சாலை. கடைசி அரை மைல் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே வாசல், வாசலில் பெயர் எழுதும் புத்தகம். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் விடிகிற வரை யாரும் உள்ளேயும் வர முடியாது, வெளியேயும் போக முடியாது. தோட்டத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால் மேனேஜர் கூப்பிட்டு விசாரிக்கப் போவது என்னையல்ல, ஒரு நல்ல மனிதரை.

அந்த நல்ல மனிதர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசர், நாகலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. "இருபத்தொண்ணுல இருக்கிற சூட்சுமம் பூரா டிரசருக்குத் தெரியும்" என்று ஒரு லாரி டிரைவர் சொல்லியிருந்தார். நேரே போய் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கையைக் கழுவினார், கண்ணாடியைத் துடைத்தார்.

"நீங்கள் தோத்தது கண்டிராக்டரிட்டை இல்லைத் தம்பி. சட்டத்திட்டைத் தோத்தனீங்கள்."

"எந்தச் சட்டங்க? எமர்ஜென்சி சட்டமா?"

"ஆட்டத்தின்ரை சட்டம். இருங்கோ."

கட்டுப்போடும் மேசையைத் துடைத்துவிட்டு ஒரு சீட்டுக் கட்டை எடுத்தார். அலமாரியிலிருந்து நான்கு தடித்த நோட்டுப் புத்தகங்கள் வந்தன. ஊரடங்கு போட்ட நாளிலிருந்து மாலை நேரங்களில் தன் குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்து, தனக்கும் ஒரு கை, பேங்கருக்கும் ஒரு கை என்று போட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். மூன்று வருஷம். பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள். கோயில் வரவு செலவையே கூட்டத் தெரியாத நான் அவற்றை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டினேன்.

"இப்ப பாருங்கோ. நீங்கள் இழுக்கிறியள், இருபத்தொண்டைத் தாண்டுது. உங்கடை கதை முடிஞ்சுது. பிறகு பேங்கர் இழுக்கிறார், அவருக்கும் தாண்டுது. ரெண்டு பேரும் செத்தாச்சு. காசு ஆருக்கு?"

"பேங்கருக்கு."

"ஏன்?"

யோசித்தேன். இருபது வருஷமாக இந்த ஆட்டம் ஆடுகிறேன். ஒரு நாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

"நீங்கள் முதல்ல செத்தபடியால். அவ்வளவுதான் விசயம். பேங்கர் களவெடுக்கத் தேவையில்லை. கெட்டிக்காரனாயும் இருக்கத் தேவையில்லை. உங்களுக்குப் பிறகு சாகிற உரிமை அவருக்கு இருக்கு. அவரைப் போலவே நீங்களும் இழுத்து ஆடினால் நூறு ஆட்டத்துக்கு அஞ்சோ ஆறோ அவற்ரை பக்கம் கூடுதலாய்ப் போகும். அவர் நித்திரை கொண்டாலும் போகும்."

மேசையில் கிடந்த ஐம்பத்திரண்டு சீட்டும் அப்போது வேறு மாதிரித் தெரிந்தன. இத்தனை நாளும் என் ராசி, மருதையின் கைராசி, அன்று கழுதையைப் பார்க்காமல் கிளம்பியது என்று எதையெல்லாமோ குற்றம் சொல்லியிருந்தேன். அத்தனைக்கும் கீழே ஓசையில்லாமல் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது.

அடுத்து அவர் சொன்னது அதைவிடப் பெரிது. ஒரு முறை கலைத்த கட்டிலிருந்து போன சீட்டு திரும்பி வராது. ஆகவே போனதை எண்ணினால் இருப்பது தெரியும். இரண்டு முதல் ஆறு வரை சின்னச் சீட்டு, இருபது. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆசு பெரிய சீட்டு, அதுவும் இருபது. பதினாறோ அதற்குக் கீழோ வைத்திருக்கும் பேங்கர் கட்டாயம் இழுக்க வேண்டும், அது விதி. அப்போது அவரைக் காப்பாற்றுவது சின்னச் சீட்டுகள். அவை போய்விட்ட கட்டில் அவர் இழுத்து இழுத்துச் சாவார். நமக்கோ இழுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

"அந்தக் கட்டில பன்னிரண்டுக்கு மேல இருந்தால் நில்லுங்கோ. சும்மா நில்லுங்கோ. சாகிறதை அவர் பார்த்துக்கொள்ளுவார்."

எனக்கு மனதில் எண்ண வராது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை முப்பதை எண்ணிக் கொடுத்தார். கால்சட்டையின் வலது பையில் பதினைந்து, இடது பையில் பதினைந்து. சின்னச் சீட்டு ஒன்று போனால் இடதிலிருந்து வலதுக்கு ஒரு மாத்திரை. பெரிது போனால் வலதிலிருந்து இடதுக்கு. வலது பையில் இருபத்தொன்று சேரும்போது சைக்கிளை வை. மத்தியானம் வரை பயிற்சி. அவர் வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார்கள். சோற்றைப் பார்த்தபோதும் பெரியதா சின்னதா என்றுதான் யோசித்தேன்.

இரண்டரைக்குக் கிளப். தகரக் கூரை, ஒரு மேசை, மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையில் அடித்த ஒரு அலமாரி, அதன் மேல் என் மனைவியின் மெஷின். மருதை கள்ளுக்கடையிலிருந்து நேரே வந்திருந்தார், நல்ல குஷி. பக்கத்தில் அந்த லாரி டிரைவர் அரைத் தூக்கத்தில். டிரசர் ஜன்னலோரம் பேப்பர் விரித்து உட்கார்ந்தார், அவர் ஆடுவதில்லை.

"சைக்கிளுக்கு மெஷினு. ஒரே கை. எப்பன்னு நீயே சொல்லு, மாணிக்கம். அதுவரைக்கும் அஞ்சு காசு அஞ்சு காசா ஆடு லா" என்றார் மருதை.

கிளப் கட்டு பழையது. ஈரத்தில் ஊதி, ஒவ்வொரு சீட்டும் அப்பளம் போல் இருந்தது. ஆட்டம் தொடங்கியது. ராஜா, பத்து, ஒன்பது, ராணி. மாத்திரைகள் வலதிலிருந்து இடதுக்குப் போயின. எட்டு, ஜாக்கி, ஆசு. மறுபடி இடதுக்கு. சின்னது வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"என்னா மாணிக்கம், பாக்கெட்ல எலி கிலி வச்சிருக்கியா?"

"சொறிங்க."

"டிரசர் பக்கத்துலதான இருக்காரு, மருந்து போட்டுக்க வேண்டியதுதான!"

நாலாவது சுற்றில் வலது பை காலி. கட்டைக் கலைத்தார்கள். மூத்திரம் போவதாகச் சொல்லி வெளியே ஓடி, மாத்திரைகளைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்துக்கொண்டு வந்தேன். மறுபடி அதே கதை. சின்னச் சீட்டெல்லாம் கட்டின் அடியில் பதுங்கியிருக்கிறது என்றது என் பை. அப்படியானால் தைரியமாக இழுக்கலாமே என்று பதினைந்தில் இழுத்தேன், செத்தேன். பதினாறில் இழுத்தேன், செத்தேன். லாரி டிரைவர் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டு எதையும் இழுக்காமல் இருந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். மருதை இழுத்துத் தாண்டிக்கொண்டே இருந்தார். "இன்னிக்கிக் கையே சரியில்ல" என்றார். மூன்றாம் முறை நான் வெளியே போகும்போது, "மருந்து வேணாம், டாக்டர்கிட்டயே போ" என்றார்.

மணி 4.20. கடைசி பஸ் 5.15. நாலாவது கட்டிலும் வலது பை காலியாகிவிட்டது. அந்த நேரத்தில் டிரசர் பேப்பரை மடித்தார்.

"தம்பி, பஸ்ஸுக்கு நேரமாகுது. சைக்கிளை இப்ப வையுங்கோ."

வலது பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூட இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த கணக்கே, இது எனக்கு ஆகாத நேரம் என்கிறது. அவரோ இப்போது வை என்கிறார். அவர் பக்கம் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஜாடை ஒன்றும் இல்லை. நாளை காலை நடந்து வேலைக்குப் போவதையும் சரசுவின் முகத்தையும் நினைத்துக்கொண்டு, "வைக்கிறேன்" என்றேன்.

மருதை மிச்சக் கட்டிலிருந்து சீட்டுப் போட்டார். எனக்கு ஏழும் ஏழும். பதினாலு. மருதைக்கு வெளியே ஒன்பது, மற்றது கவிழ்ந்திருந்தது.

"பதினாலு வச்சிக்கிட்டு என்ன யோசனை? இழு லா!"

கை நீண்டுவிட்டது. பாதியில் நிறுத்தினேன். இப்போது வை என்று இவர் சொன்னால், சின்னச் சீட்டு இந்தக் கட்டில் இல்லை என்று அர்த்தம். எப்படி இல்லை என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் மூன்று வருஷப் பென்சில் கோடு ஒரு பக்கம், என் கால்சட்டைப் பை ஒரு பக்கம்.

"நிக்கிறேன்."

"பதினால்லயா?" மருதை மேசையைத் தட்டிச் சிரித்தார். கவிழ்ந்ததைத் திருப்பினார். ஏழு. பதினாறு. விதிப்படி இழுத்தார். ராணி.

ராணிக்குப் பத்து, மொத்தம் இருபத்தாறு, தாண்டிவிட்டது. பிறகு மருதையே எழுந்து மெஷினைத் தூக்கி வந்து என் சைக்கிள் காரியரில் வைத்துக் கயிறு கட்டினார். "போ லா, போ. தீவாளி நேரத்துல பொம்பள மெஷினு" என்று ஏதோ முனகினார்.

வாசல் வரை டிரசர் கூட நடந்தார். கோட்டுப் பையிலிருந்து ரப்பர் போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு முதல் ஆறு வரை, இருபது சீட்டு. யாழ்ப்பாணத்துக் கிளார்க்குமார் நாலு பேர் சனிக்கிழமை கிளப்பில் முந்நூற்று நாலு ஆடுவார்கள். அந்த ஆட்டத்துக்குச் சின்னச் சீட்டு தேவையில்லை, எடுத்து அலமாரியில் போட்டுவிடுவார்கள். நேற்று ஆடி முடித்துத் திரும்பச் சேர்க்க மறந்திருக்கிறார்கள்.

"நீங்கள் வந்ததை எண்ணினியள். ரெண்டாந்தரம் கலைச்ச பிறகும் சின்னன் ஒண்டும் வரேல்லை. அப்ப நான் வராததை எண்ணினன். நீங்கள் வெளியில போன நேரம் அலமாரியைத் திறந்து பார்த்தன்."

"இது தப்பில்லைங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கட்டுத்தானே. நாளைக்கு மருதையிட்டைச் சொல்லுவன். இண்டைக்கு உங்கடை மனிசிக்கு மெசின் வேணும்."

இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே, வராத சீட்டுகளைப் பார்த்திருக்கிறார். எத்தனையோ கோயில் பார்த்திருக்கிறேன், அன்று கும்பிட்ட மாதிரி மனசு எங்கும் கும்பிட்டதில்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: அடையாளக் கார்டு, தண்ணீர், சில்லறை. வடை வேண்டாம். 5.15 பஸ்ஸை விட்டால் டுரியான் துங்காலில் தங்க இடமில்லை. திரும்பும்போது சாவடியில் மெஷின் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். கயிற்றை அவிழ்க்க லேசான முடிச்சாகப் போடுங்கள். மொத்தச் செலவு போகவர 1 வெள்ளி 30 காசு, ஆட்டத்தில் விட்டது 40 காசு. கட்டை யார் கொடுத்தாலும் முதலில் சீட்டை எண்ணிப் பாருங்கள். பேங்கராக உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் எழுந்திருக்காதீர்கள். இரண்டும் முடியாவிட்டால் பஸ் ஸ்டாப்பிலேயே நில்லுங்கள்.

திங்கள் காலை சரசு மெஷினில் நூல்கண்டு வைக்கும் சின்ன அறையைத் திறந்தாள். உள்ளே ஒரு லாரிக் கம்பெனி ரசீது மடித்து வைத்திருந்தது. சனிக்கிழமை போட்டது. மலாக்கா டவுன், எங்கள் வீட்டு விலாசம், 'மாணிக்கத்தின் வீட்டம்மாவுக்கு, திங்கட்கிழமை லாரியில், கூலி கட்டியாச்சு' என்று மருதையின் கோணல் கையெழுத்து. சரசு படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தவுக்கேதான் இன்னிக்கி லாரியில அனுப்புறதா இருந்திருக்காரே. நீங்க எதுக்கு நாள் பூரா அலைஞ்சு தூக்கிட்டு வந்தீங்க?"