பதினேழாம் எண் அரக்கு

என் மேசை இழுப்பறையில் விரல் நீளத்துக்கு ஒரு நூல் குஞ்சம் இருக்கிறது. அரக்கு நிறம். சங்கரன்கோவிலில் நான் முன்பு வேலை பார்த்த சேலைக் கடையின் வண்ண அட்டையில் பதினேழாம் எண்ணாக ஒட்டியிருந்தது. அட்டையில் மொத்தம் நாற்பத்திரண்டு குஞ்சங்கள். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தவள் மதினி, என் அண்ணனின் மனைவி.

மதினி டிசைன் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டோடு இருந்தாள். கடைக்கு இணையதளம் தொடங்கியபோது, அம்மாவிடம் மூன்று நாள் மல்லுக்கட்டி அவளையும் என்னோடு கூட்டிப்போனேன். "ஒரு கொறைன்னு எங்காதுல விழுந்துதுன்னா, அன்னைக்கோட வேலை கெடையாது" என்று மருமகளிடம் சொல்லித்தான் அம்மா அனுப்பினாள்.

மதினி குஞ்சத்தைத் திரையோரம் பிடித்து, டிசைன் மென்பொருளில் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பொருத்துவாள். ராமர் பச்சை, ஆனந்தா நீலம், வெங்காயத் தோல் என்று பெயரிட்டுக் கோப்பில் சேர்ப்பாள். நான் எழுதிய சின்ன நிரல் அந்தக் கோப்பைப் படித்து, ஒவ்வொரு நிறத்தையும் இணையதளத்துக்கான ஆறெழுத்துக் குறியீடாக மாற்றும். வாடிக்கையாளர் போனில் தொடுகிற வண்ண வட்டங்கள் அதிலிருந்துதான் வரும். ஒருத்திக்குச் சொல்லாமல் மற்றவள் கோப்பைத் தொடக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஒரு வியாழக்கிழமை காலை, கீழே கடையில் சத்தம் கேட்டது. வாசுதேவநல்லூர்க் கல்யாண வீட்டார். கொஞ்ச நேரத்தில் முதலாளி அவர்களை நாங்கள் வேலை பார்க்கும் மாடிக்கே அழைத்து வந்தார். பெண்ணின் அத்தை பன்னிரண்டு அரக்குச் சேலைகளை மேசையில் போட்டாள். "செவ்வாக்கெழம போன்ல குங்குமச் செவப்பக் காட்டிட்டு, புளிக்கொழம்பு கலர்ல அனுப்பியிருக்கியளே! ஞாயித்துக்கெழம கல்யாணம்!"

மதினிதான் முதலில் பேசினாள். "நான் குடுத்த கலரு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. இந்தா, ஃபைலத் தொறந்து காட்டுதேன். கோடா மாத்துதது இவதான்."

கோப்பில் அரக்கு அரக்காகவே இருந்தது. நான் அவளை நம்பினேன். "என் தப்பாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்று என் வாயாலேயே சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அன்றே என்னைப் போன் ஆர்டர் எடுக்க உட்காரவைத்தார்கள்; நிரல் மதினி பொறுப்புக்குப் போனது.

ஒப்படைக்கும் முன் நிரலை வரிவரியாகச் சோதித்தேன். பிழை இல்லை. பிறகுதான் கோப்பின் மாற்றப் பட்டியலைத் திறந்தேன். திங்கள் மாலை: அரக்கு உட்பட ஒன்பது நிறங்கள் பளிச்சென்று ஏற்றப்பட்டிருந்தன. வியாழன் காலை பதினொன்று பத்து: ஒன்பதும் பழையபடி. கீழே சத்தம் தொடங்கியது பதினொன்றுக்கு.

மாடிப்படியில் மதினியை நிறுத்திக் காட்டினேன். அவள் மறுக்கவில்லை.

"போன்ல மங்கலாத் தெரிஞ்சுது, ஏத்துனேன். ஒங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

"அதுக்கு எம்பேரச் சொல்லுவியளா மதினி?"

"ஒனக்கு ஒங்கம்மா ரெண்டு ஏச்சு ஏசுவாவ, அம்புட்டுத்தான். என்னைய வீட்டோட உக்கார வச்சிருவாவ. ஒனக்கு வேற வேலை கெடைக்கும் புள்ள."

அவள் சொன்னதில் பொய் இல்லை. மறந்ததை என்னால் மன்னிக்க முடிந்தது. யாரைத் தள்ளிவிடலாம் என்று அவள் யோசித்த அந்தப் பத்து நிமிஷத்தை முடியவில்லை. நான் அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். பட்டியலை வேறு யாரிடமும் காட்டவில்லை. வேலையை விட்ட அன்று, அட்டையிலிருந்து பதினேழாம் குஞ்சத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டேன்.

இப்போது வேறு ஊரில் வேலை. போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, விருந்தாட்களிடம் அம்மா பெருமையாகச் சொன்னாள்: "எம் மருமவ கையில கலரு தப்பாது. இவதான் அவசரக்காரி." மதினி தலைநிமிராமல் என் இலையருகே வந்து, "இன்னொரு தோசை வைக்கட்டா?" என்றாள். "வைங்க மதினி" என்றேன்.

ஊரிலிருந்து திரும்பியதும் அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து, குஞ்சத்தைத் திரையோரம் பிடித்துப் பார்த்தேன். பதினேழாம் வட்டம் இம்மி பிசகாமல் பொருந்தியது. அந்தப் பக்கம் இன்னும் என் நிரலில்தான் ஓடுகிறது.