மச்சான் தன்மேல் போட்டுக்கொண்ட அளவு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கடலூர் முதுநகரிலிருந்து போன் வந்தது. என் மனைவி ஜெசிந்தாதான் எடுத்தாள். "அண்ணன் போயிட்டாருங்க" என்றாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது. சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

என் மச்சான் லூர்துராஜ் அவர்கள், துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் பட்டறை வைத்திருந்தவர். அளவெடுப்பதில் புலி. சட்டை தைக்கக் கொடுத்தால்கூட டெய்லரின் டேப்பை வாங்கித் தானும் ஒருமுறை அளந்து பார்ப்பார். டெய்லர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

கம்ப்யூட்டர் சென்டர் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, சின்ன லேத்தில் பேனா கடைய நான் இறங்கியபோது ஜெசிந்தாவுக்குத் துளியும் சம்மதமில்லை. "ஒரு தப்பு நடந்தாலும் திரும்ப வேலைக்குப் போயிடணும்" என்று கண்டிஷன் போட்டாள். மச்சான் மட்டும்தான் என் பக்கம்.

பேனாவின் உடலில் கொடி சுற்றியதுபோல் வரி வெட்ட, லேத்தில் ஓர் அட்டாச்மென்ட் மாட்ட வேண்டும். மோட்டாரில் ஓடுவது, கையால் சுற்றுவது என்று இரண்டு வகை. எனக்கு மோட்டார்மேல் ஆசை.

"வேணாம் மாப்ள. கையால சுத்துனாத்தான் கத்தி எங்க கடிக்குது, எங்க வழுக்குதுன்னு ஒனக்குத் தெரியும். நிதானமா செய்யி" என்றார் மச்சான். ஒரு வாரம் போனிலேயே சண்டை போட்டுவிட்டு இறங்கி வந்தேன். "லேத்தோட சென்டர் உயரத்த மட்டும் அளந்து சொல்லு, நான் செய்யச் சொல்லிடுறேன்" என்றார்.

அதாவது, பேனா சுழலும் நடுப்புள்ளி வரைக்குமான உயரம்; அதை லேத்தின் அடியில் நீளமாக ஓடும் இரும்புப் பாதையின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். நான் அதற்குக் கீழே இருந்த விளிம்பிலிருந்து அளந்து சொன்னேன்.

பார்சல் பிரித்த அன்று அவரும் வந்திருந்தார். மாட்டிப் பார்த்தால், கத்தி பேனாவுக்கு இரண்டு விரற்கடை மேலே காற்றில் நிற்கிறது. அளவு கொடுத்துச் செய்த சாமான். திருப்பி எடுக்க மாட்டார்கள். மச்சான் டேப்பை வைத்து ஒருமுறை அளந்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் ஜெசிந்தா வந்து நின்றாள். "யாரு அளந்தது?"

நான் குனிந்து பார்சல் அட்டையை மடிக்க ஆரம்பித்தேன்.

"நான்தாம்மா" என்றார் மச்சான்.

"ஊருக்கெல்லாம் அளவு சொல்றீங்க, எங்க குடும்பம்னா மட்டும் கண்ணு தெரியலையா? இவரு பொழப்புல வெளயாடுறீங்களேண்ணா!" என்று அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அடுத்த மூன்று ஞாயிறும் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்தார். இரும்புக் கட்டைகளை அரத்தால் ராவி, லேத்தில் பேனாவைப் பிடிக்கும் இரண்டு முனைகளுக்கும் கீழே வைத்து, கத்தியின் மட்டத்துக்கு உயர்த்தினார். முதல் சுருள் வரி பிசிறில்லாமல் வந்தது. இன்றுவரை என் வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான்.

ஆனால் சொந்தக்காரர்கள் விடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டினால்கூட, "லூர்து, அளந்துட்டியா?" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். தனியாக இருந்தபோதும் என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. நானும் சௌகரியமாக வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்றும் யாரோ அதே கதையைச் சொன்னார்கள். இதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. நேற்று, அதுவரை எழுதியிருந்த இந்தப் பக்கங்களை ஜெசிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கத்துவாள் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை.

"பார்சல் பிரிச்ச அன்னிக்கு அவரு சாப்புடாமயே பொறப்பட்டுப் போயிட்டாருங்க" என்றாள். "இருங்கன்னு நான் ஒரு வார்த்த சொல்லல."

அளந்தது நான்தான் மச்சான். எல்லாருக்கும் தெரியட்டும். போய் வாருங்கள்.