இரண்டு நிறம் கூடாது

எங்கள் புறா ஃபோரத்தில் பல விதிகள் இருந்தன. விற்பனை விளம்பரம் போடக் கூடாது, அடுத்தவர் புறாவை மட்டம் தட்டக் கூடாது, இப்படி. அவற்றை யாரும் பெரிதாக மதித்ததில்லை, நாங்களும் கண்டுகொண்டதில்லை. ஒரே ஒரு விதிக்குத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தோம். அரசியல் பேசக் கூடாது. அந்த விதிக்காக என் மனைவியின் அண்ணனையே பகைத்துக்கொண்டவன் நான்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்த ஒரு தம்பி, ஷார்ஜாவில் மின்சாதனக் கடையில் விற்பனைக்கு நின்ற நான். கைப்பேசியில் இன்டர்நெட் வராத காலம் அது. அவன் விவசாயக் குடும்பம், எனக்கு ஊர் நாகூர். இரண்டு பேருக்கும் இருந்த ஒரே பொதுச் சொத்து புறாப் பைத்தியம். ஃபோரத்தைக் கட்டியது அவன். அங்கே நடக்கும் சண்டையைத் தீர்த்து வைப்பது என் வேலை. வளைகுடாவில் கிடந்த எங்களைப் போன்றவர்கள்தான் அதில் அதிகம். ஊரில் விட்டுவந்த புறாவைப் பற்றிப் பேச வேறு எங்கே போவது?

நான் வளர்த்தவை ஹோமர் புறாக்கள், அதிலும் வெள்ளை. ஹோமர் என்பது எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டைத் தேடி வந்துவிடும் ஜாதி. என் கூண்டு நாகூர் வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. பக்கத்தில் தர்கா மினாராவில் கூட்டங்கூட்டமாகப் புறாக்கள் உட்கார்ந்திருக்கும். அத்தனையையும் தாண்டி என் வெள்ளைகள் நேராக எங்கள் மாடியில் வந்து இறங்கும். நான் ஷார்ஜா போன பிறகு அவற்றை என் மனைவி பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் புறா மேல் பெரிய பிரியம் கிடையாது. புருஷன் போனாலும் புருஷனுடைய கிறுக்கு வீட்டில் இருந்தது, அதற்கும் தீனி போட்டாள்.

ஹோமரைச் சும்மா வைத்திருந்தால் சோம்பிப்போகும். தூரத்தில் கொண்டுபோய் விட்டுப் பழக்க வேண்டும். அதற்காக வெள்ளிக்கிழமை விடியலில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், புறாக்களைக் கூடையில் அடைத்துத் தஞ்சாவூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து ஏற்றிவிடுவார். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் தம்பி இறக்கிக்கொள்வான். சென்டர் மாடிக்குக் கொண்டுபோய்க் கூடையைத் திறந்துவிட்டு, கீழே இறங்கிவந்து ஃபோரத்தில் "விட்டாச்சு" என்று போடுவான். புறாக்கள் நாகூர் போய்ச் சேர்ந்ததும் என் மனைவி அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். உடனே "வந்தாச்சு" என்று போடுவான். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. ரூமுக்குக் கீழே இருந்த நெட் கஃபேயில் உட்கார்ந்து, அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே டீ மேல் டீயாகக் குடிப்பேன். என் வீட்டு மாடியில் என் புறா இறங்கிய செய்தி தஞ்சாவூர் சுற்றித்தான் எனக்கு வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

விதி வந்த கதையைச் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், மஸ்கட்டில் இருந்தவர், ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார். "மேட்டூர் திறந்துட்டாங்களா? எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்துச்சா?" அவ்வளவுதான். ஃபோரத்தில் பெங்களூர்க்காரர்களும் இருந்தார்கள், நல்ல புறாக்காரர்கள். ஒருவர் பதில் சொன்னார், இன்னொருவர் அதற்குப் பதில் சொன்னார், பொழுது சாய்வதற்குள் மாநிலம், கட்சி, தலைவர், தலைவரின் குடும்பம் என்று எல்லாம் சந்தி சிரித்தது. குஞ்சுக்கு என்ன மருந்து கொடுப்பது என்று அன்று கேட்ட ஒரு பையனுக்குக் கடைசி வரை யாரும் பதில் சொல்லவில்லை. குஞ்சு செத்துப்போனது.

மறுநாள் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, இதுக்கு ஒரு வேலி போடணும். இல்லைன்னா இங்க புறா இருக்காது, கொடிதான் இருக்கும்." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நீக்கும் பதிவுகளின் இடத்தில் வைக்க ஒரு வாசகம் எழுதினோம். "இப்பதிவு அரசியல் சார்ந்தது என்பதால் நீக்கப்பட்டுள்ளது. புறா பேசுவோம்." கடைசி இரண்டு சொல்லும் என்னுடையவை. அவற்றில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேலி போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்பது எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெரும்பாடு. டெல்டாக்காரன் தண்ணீர் என்று வாயைத் திறந்தாலே அது அரசியல். கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்துகிடக்கிறது என்று ஒருவர் எழுதியதைக்கூடத் தம்பி ஒருமுறை நீக்கிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் போட்டான். புறாவைக் கையில் ஏந்திப் படம் போடுகிறவர்கள் பலர் கரைவேட்டியில் நிற்பார்கள். கரையில் என்ன நிறம் என்பதை வைத்தே நம்மூரில் ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாமே. அதனால் படங்களில் இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டுப் போட்டோம். கடைசியில் பிரச்சினை சிறகுக்கு வந்தது. உயரப் பறக்கும்போது அடையாளம் தெரியட்டும் என்று புறாவின் சிறகுக்குச் சாயம் ஏற்றுவது எங்கள் வழக்கம். சிலர் அதிலும் கட்சியைப் பூச ஆரம்பித்தார்கள். எனவே ஒரு உப விதி: சிறகில் ஒரு நிறம் இருக்கலாம், இரண்டு நிறம் கூடாது. வெளியாள் கேட்டால் சிரிப்பான். எங்களுக்கு அது உயிர் போகிற விஷயம்.

எனக்கு அரசியல் இல்லாமல் இல்லை. செய்தியைப் பார்த்து நெஞ்சு எரிந்த நாட்கள் எத்தனையோ. எங்கள் ஆட்களைப் பற்றிக் கண்டபடி எழுதுகிறவனுக்குப் பதில் சொல்ல விரல் துடித்திருக்கிறது. அந்த நாட்களிலும் ஃபோரத்தில் உட்கார்ந்து, புறாவுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும் நோய்க்கு என்ன செய்யலாம் என்றுதான் எழுதினேன். சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டுப் போனால் இந்த ஒரு இடமாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் மச்சான் மாட்டினார். அவர் கட்சிக்காரர், மறைக்கிற ஆள் இல்லை. வானத்தில் கரணம் போடும் தன் கர்ணப்புறாவுக்கு ஒரு சிறகில் ஒரு நிறம், மறு சிறகில் இன்னொரு நிறம் ஏற்றிப் படம் போட்டு, "யாரு பக்கம் நிக்கணும்னு புறாவுக்கே தெரியுது" என்று எழுதிவிட்டார். நான் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்தேன். தம்பி விடவில்லை.

"அண்ணே, உங்க மச்சானா இருந்தாலும் விதி விதிதான். உங்க கையாலயே எடுங்க. அப்பதான் மத்தவங்களுக்கும் பயம் இருக்கும்."

எடுத்தேன். மச்சானின் கணக்கையும் ஒரு மாதம் முடக்கினேன். அவர் எனக்கு நேராகப் போன் போட்டார்.

"எங்க வூட்டுப் பொண்ணைக் கட்டுனவரு என்னையே வெளிய தள்ளுறீங்களா மாப்ள? இனிமே உங்க கூடையை நீங்களே தூக்கிக்குங்க."

அதன்பின் என் வீட்டுப் படி ஏறவில்லை அவர். ஒரு மாதம் கழித்துக் கணக்கைத் திறந்துவிட்டேன், அதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஷார்ஜாவிலிருந்து கூடையைத் தூக்க என்னால் முடியுமா? என் மனைவிதான் விடியலில் ஆட்டோ பிடித்து, புர்காவோடு பஸ் ஸ்டாண்டில் நின்று, கண்டக்டரிடம் புறாக் கூடையைக் கொடுத்தாள். "நானாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன்" என்று ஒவ்வொரு போனிலும் கேட்பாள். அண்ணனை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் சொல்வோம். விதி என்றேன். விதியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் கூடை போனது. தம்பி ஃபோரத்தில், "தஞ்சாவூரில் மேகமூட்டம். இன்று விடவில்லை, நாளை விடுகிறேன்" என்று போட்டான். பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் கடையில் இருந்தபோது மனைவி கூப்பிட்டாள். மிஸ்டு கால் இல்லை, காசு செலவழித்து நேராகக் கூப்பிட்டாள்.

"என்னங்க, புறா வந்துருக்கு. ஆனா நம்ம புறாவான்னு தெரியலை."

"ஏன்?"

"கலர் கலரா இருக்கு. ரெண்டு றெக்கையிலயும் ரெண்டு கலர். தெருவே வாசல்ல நின்னு அண்ணாந்து பார்க்குது."

எந்த இரண்டு நிறம் என்று அவள் சொன்னாள். நான் இங்கே சொல்லப் போவதில்லை. அந்தப் பாழாய்ப்போன விதி இன்னும் என் கையை விடவில்லை. மச்சானுக்கு ஆகாத கட்சி அது, அது போதும். தேர்தல் நேரம், எந்தப் பக்கமும் சாய வேண்டாம் என்று எங்கள் தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் என் வீட்டு மாடியில் மட்டும் ஒரு கட்சி வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டது. கைலியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துப் பார்த்தாளாம், போகவில்லை. துணிச்சாயம். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் வரை போகாது. எல்லாவற்றையும் கூண்டில் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஆமாண்ணே. நேத்து சாயங்காலம் பொதுக்கூட்டம். வெள்ளைப் புறாவுக்குக் கட்சிக் கலர் ஏத்தி மேடையிலேர்ந்து பறக்க விடணும்னு சொன்னாங்க. எனக்கு வார்டுல சீட்டு குடுத்துருக்காங்கண்ணே, முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"கடையில புறா கிடைக்கலியா?"

"கடைப் புறாவை விட்டா திக்குத் தெரியாம எங்கயாவது விழுந்து பூனை வாயில போயிரும். பாவம்ல? உங்க புறான்னா பத்திரமா வீடு போய்ச் சேந்துரும். அதான் உங்களுதுன்னு..."

எந்தக் குணத்துக்காக அவற்றைக் குஞ்சிலிருந்து வளர்த்தேனோ, அந்தக் குணத்தையே பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குக் கொடி அனுப்பியிருக்கிறான். அதைக் கருணை என்று வேறு சொல்கிறான்.

"ரெண்டு நிறம் கூடாதுன்னு என் மச்சானை என் கையாலயே வெளிய தள்ள வெச்சியேடா" என்றேன்.

அவன் நிதானமாகச் சொன்னான். "அது ஃபோரத்துலண்ணே. நான் ஃபோரத்துல ஒண்ணும் போடலையே. விதியை மீறலையே."

போனை வைத்துவிட்டேன். அன்று கடையில் ஒரு வாடிக்கையாளர் இஸ்திரிப் பெட்டி கேட்க, நான் மிக்ஸியை எடுத்துக் கொடுத்தேன்.

மாலையில் நெட் கஃபேக்குப் போய் நடந்ததை எல்லாம் எழுதினேன். கட்சிப் பெயர் இல்லை, நிறத்தின் பெயர் இல்லை, அவன் பெயரும் இல்லை. என் புறாக்களை என்னைக் கேட்காமல் சாயம் ஏற்றி மேடையில் விட்டுவிட்டார்கள், இது சரியா என்று மட்டும் கேட்டேன். டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பக்கத்தைப் புதுப்பித்தபோது என் பதிவு இல்லை. அந்த இடத்தில் இரண்டு வரி இருந்தது.

"இப்பதிவு அரசியல் சார்ந்தது என்பதால் நீக்கப்பட்டுள்ளது. புறா பேசுவோம்."

நான் எழுதிய வாசகத்தாலேயே என் வாயை அடைத்துவிட்டான். அதைவிட வலித்தவை அதற்குக் கீழே வந்திருந்த பதில்கள். "சரியான முடிவு." "அட்மினா இருந்தாலும் விதி ஒண்ணுதான்." "வாழ்த்துகள் தம்பி." யார் யார் குஞ்சுகளுக்கு நான் ராப்பகலாக மருந்து சொல்லியிருந்தேனோ, அவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். என்ன எழுதியிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் பழக்கிய பழக்கம்தானே அது.

பக்கத்தை மூடப் போனபோது கடைசியாக ஒரு வரி வந்து விழுந்தது. எழுதியது என் மச்சான். கணக்கைத் திறந்துவிட்ட நாளிலிருந்து எழுதாதவர் எழுதியிருந்தார். "அவர் எழுதுனதை நான் படிச்சேன். அந்தப் புறாக்களைத் தெருவுல நின்னு நான் நேர்ல பார்த்தேன். அவர் சொன்னது உண்மை."

மறுபடி புதுப்பித்தேன். அந்த வரியும் இல்லை. மச்சானின் கணக்கும் இல்லை. என்னுடையதைத் திறக்கப் போனால், கடவுச்சொல் தவறு என்றது.

இரண்டு வாரம் யாரோடும் புறா பேசவில்லை. அவன் தேர்தலில் ஜெயித்தானா என்று கேட்காதீர்கள், அது அரசியல். அடுத்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மச்சான்.

"மாப்ள, இந்தத் தடவை என்னை வெளிய தள்ளுனது நீங்க இல்லைல்ல?"

"இல்ல மச்சான். என்னையும் தள்ளிட்டான்."

"அப்ப சரி." கொஞ்சம் இருமினார். "மாடிலதான் நிக்கிறேன். சாக்குக்குள்ள கெடந்து மூச்சு முட்டுதுங்க மாப்ள அதுங்களுக்கு. எந்தக் கலரா இருந்தா என்ன, தெறந்து விட்டுரட்டா? தெருவுல எவனாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்த நிறங்களை மேடை மேடையாக ஏறித் திட்டியவர் அவர். திறந்துவிடுங்கள் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

நெட் கஃபேக்குப் போகவில்லை. ரூமில் கட்டிலில் உட்கார்ந்து, தெரு முழுக்க அண்ணாந்து பார்த்திருக்க அவை தர்காவைச் சுற்றி வருவதை நினைத்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து என் கைப்பேசி ஒரே ஒரு முறை அடித்து நின்றது. நாகூர் எண். தஞ்சாவூருக்குப் போகாமல் எனக்கு நேராக வந்த முதல் மிஸ்டு கால் அது.