நான் மாட்டேன் என்று சொன்ன அப்டேட்

தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் எங்கள் இலவச மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது.

"பழசுல பாதுகாப்பு இல்லைங்கறாங்க. இன்னைக்கே சர்வர்ல போட்டுடும்மா" என்றார் மேலாளர்.

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் முதலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் நோயாளிகளின் விவரங்களை நகலெடுத்து, அதில் புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வந்தது, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று குறித்திருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"மாட்டேங்க சார். வேற ஆள வெச்சுப் போட்டுக்குங்க."

வேலை போனாலும் போகும் என்று தெரிந்தேதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் மரகதம் அக்கா திரையைப் பார்த்தார். "இது இல்லாம நான் யாருக்கும் ஊசி போட மாட்டேங்க சார்" என்றார். மேலாளர் வேறு ஆளைக் கூப்பிடாமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

மென்பொருளை உருவாக்குபவர்களுக்குப் பிழையை எழுதி அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் மறுநாளே திருத்தம் அனுப்பினார். சோதித்துவிட்டு நானே புதிய பதிப்பைப் போட்டேன். ஒரு குறிப்பும் விடுபடவில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில், தவறென்று தெரிந்தும் "சரிங்க" என்று தலையாட்டியவள் நான். இங்கே எனக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். இருக்கட்டும்.